உடற்பேறு குறைந்தோருக்குத் துணை நிற்போம்

தோட்டத்து வாழ்க்கை கூட்டு வாழ்க்கையாகும். ஒரு வீட்டில் திருமணம் என்றால் லயமே திரண்டு பந்தல் போடும். ஒரு வீட்டில் சாவு என்றால் அண்டை வீட்டார் சோறாக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எழுதும்போது எந்த வீடும் விடுபடுவதில்லை.

ஆயினும், வீடு விடுபடாத இடத்திலும் ஆள் விடுபடுவதுண்டு. நடக்க இயலாத மகன், காது கேளாத மகள், அறிவு வளர்ச்சி குன்றிய தம்பி, வாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தகப்பனார் ஆகியோர் திருவிழாவிலும் தெரிவதில்லை, கூட்டத்திலும் தெரிவதில்லை. விருந்தினர் வந்தால் பின்கட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பொழுது விடியுமுன் பெற்றோர் பால்வெட்டச் சென்றபின், பூட்டிய வீட்டுக்குள் தனித்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அன்பின்மையால் இவ்வாறு நேர்கிறது என்று கூற இயலாது. ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சமும், வெளியே சென்றால் என்ன நேருமோ என்ற அச்சமும், வேறு வழி தெரியாமையுமே பெரும்பாலும் காரணமாகும். ஆனால் எக்காரணத்தால் பூட்டினாலும் உள்ளே இருப்பவரின் வாழ்வு சுருங்கிப் போகிறது. அந்தக் கதவைத் திறப்பதில் குடும்பத்தாருக்கும், அண்டை அயலாராகிய நமக்கும் உள்ள பங்கினை இங்குக் காண்போம்.

சட்டம் கூறும் விளக்கம்

நமது நாட்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008 ஜூலை 7 ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உடற்பேறு குறைந்தோர் என்பவர் யார் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. உடல், மனம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீண்டகாலக் குறைபாடு உடையவராகவும், அக்குறைபாட்டுடன் பலவகைத் தடைகளும் சேர்வதால் சமுதாய வாழ்வில் முழுமையாகப் பங்குபெற இயலாதவராகவும் இருப்பவர் என்பதே அதன் சாரமாகும்.

இவ்விளக்கத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று குறைபாடு, மற்றொன்று தடை. கால் நடக்க இயலாமை குறைபாடு. சமூக மண்டபத்தின் மூன்று படிக்கட்டுகள் தடை. காது கேளாமை குறைபாடு. காலையில் பெரட்டுக்களத்தில் கூறப்படும் அறிவிப்பை எவரும் சைகையாலோ எழுத்தாலோ அவருக்குத் தெரிவிக்காமை தடை. குறைபாட்டை முற்றும் நீக்குவது மருத்துவராலும் எப்பொழுதும் இயல்வதில்லை. தடையை நீக்குவதோ நம் கையில் உள்ளது. ஆகவே, உடற்பேறு குறைந்தோரின் நலன் அவர் குடும்பத்தின் சுமை மட்டுமன்று, ஊரின் கடமையுமாகும்.

பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை, செய்தித் தொடர்பு, கலை, விளையாட்டு ஆகியவற்றில் மற்றவர்களைப் போன்று பங்குபெறும் உரிமையை அச்சட்டம் எடுத்துரைக்கிறது. மலேசியச் சைகை மொழியையும் அது ஏற்றுக்கொள்கிறது. இத்துறையில் ஐக்கிய நாட்டு நிறுவனம் வகுத்த உடன்படிக்கையை மலேசியா 2010 இல் உறுதிப்படுத்திற்று.

விதியென்று விட்டுவிடலாமா?

பிறவியிலேயே குறைபாட்டுடன் குழந்தை பிறக்குமானால், முன்வினை என்றும் கிரகண தோஷம் என்றும் கூறுவது நம்மிடையே வழக்கம். தாயைக் குறைகூறுவோரும் உண்டு. இது அறியாமையால் விளையும் கொடுமையாகும். டவுன் சின்ட்ரோம் எனப்படும் நிலை, உடலின் உயிரணுக்களில் 21 ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் உண்டாகிறது என்பது 1959 லேயே கண்டறியப்பட்டது. மூளை வாதம் என்பது குழந்தை பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பினால் வருவதாகும். எவருடைய பாவத்திற்கும் இவற்றில் இடமில்லை.

விதியென்று கூறுவதால் விளையும் பெருந்தீங்கு காலதாமதமாகும். ஆறு மாதமாகியும் தலை நிற்காத குழந்தையையும், ஓசை கேட்டுத் திரும்பாத குழந்தையையும் உடனே அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். இளமையிலேயே பயிற்சி தொடங்கினால் பிள்ளை பெறக்கூடிய பயன் அதிகம். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று அண்டை வீட்டார் கூறும் ஆறுதலைவிட, "நாளை உங்களுடன் கிளினிக்குக்கு நானும் வருகிறேன்" என்ற சொல்லே சிறந்த உதவியாகும்.

பதிவும் அட்டையும்

உடற்பேறு குறைந்தோர் சமூக நல இலாகாவில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டாயம் இல்லை, கட்டணமும் இல்லை. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம் ஆகியவற்றின் குறைபாடுகளும், ஒருவரிடமே பல குறைபாடுகள் சேர்ந்திருப்பதும் என ஏழு வகையாக இப்பதிவு பிரிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பப் பாரத்தில் மருத்துவர் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். அடையாளக் கார்டு, சிறுவராயின் பிறப்புப் பத்திரம், புகைப்படம் ஆகியவற்றுடன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அதனைக் கொடுக்கலாம். பதிவானதும் ஓ.கே.யு. அட்டை வழங்கப்படும்.

இவ்வட்டையைப் பெறுவது மானக்கேடு என்று எண்ணுவோர் சிலர் உள்ளனர். அடையாளக் கார்டு வைத்திருப்பது எவ்வாறு மானக்கேடு ஆகாதோ, அவ்வாறே இதுவும் ஆகாது. அரசாங்க மருத்துவமனைக் கட்டணச் சலுகை, கே.டி.எம். ரயில் கட்டணச் சலுகை போன்றவற்றுக்கும், உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கவும் இவ்வட்டை வேண்டும். பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாதவருக்கு முதற்கண் அதனைப் பெறத் துணை செய்தல் வேண்டும். பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் நம் தோட்டங்களில் பலர் உள்ளனர். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால் எத்தனையோ குடும்பங்கள் பயன்பெறும்.

பள்ளியும் பி.டி.கே. நிலையமும்

குறைபாடுள்ள பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு நாட்டின் வரலாறே விடை கூறுகிறது. ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி 1948 இலும், பினாங்கில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954 இலும் தொடங்கப்பட்டன. இன்று சாதாரணப் பள்ளிகளிலேயே ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் நடைபெறுகின்றன; சில தமிழ்ப் பள்ளிகளிலும் இவ்வகுப்புகள் உள்ளன. குறைபாட்டைக் காரணம் காட்டி எப்பிள்ளையையும் பள்ளி ஒதுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 இல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆகவே, "இப்பிள்ளைக்கு இடமில்லை" என்ற பதிலுடன் திரும்பி வரும் பெற்றோர் அதோடு நின்றுவிடாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்தை நாட வேண்டும்.

பள்ளிக்குச் செல்ல இயலாதவர்க்கும் வழி உண்டு. சமூக நல இலாகாவின் சமூக மறுவாழ்வுத் திட்டம், பி.டி.கே. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. 1984 இல் திரங்கானு மாநிலம், கோலத் திரங்கானுவைச் சேர்ந்த பத்து ராக்கிட் முக்கிமில் 55 பேருடன் இது ஒரு முன்னோடித் திட்டமாகத் தொடங்கிற்று. இன்று நாடெங்கும் 500க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

தொலைவிலுள்ள இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காமல், பிறந்து வளர்ந்த ஊரிலேயே பயிற்சி தருவது இத்திட்டத்தின் அடிப்படையாகும். கை கால் அசைவுப் பயிற்சி, பேச்சு, பிறரோடு பழகும் முறை, எழுத்து எண் அறிமுகம், கைத்தொழில் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிற்கே சென்று பயிற்சி தரும் முறையும் உண்டு. நிலையத்தை நடத்தும் குழுவில் பெற்றோரும் ஊராரும் இடம்பெறுகின்றனர். தானே சட்டை போட்டுக்கொள்ளவும், கழிவறைக்குச் சென்று வரவும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், தாய் நிம்மதியாக வேலைக்குச் செல்ல இயலும். இச்சிறு முன்னேற்றம் ஒரு குடும்பத்தின் வருவாயையே மாற்றிவிடும்.

தோட்டத்திலிருந்து நிலையத்திற்குச் சென்று வருவதே பலருக்கும் இடையூறாகும். நிலையத்தில் வேன் வசதி உண்டா என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும். இல்லையாயின், கார் வைத்திருக்கும் இருவர் மூவர் முறைவைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் அழைத்துச் செல்வது முடியாத காரியமன்று.

வேலைசெய்பவருக்கு ஊனம் நேர்ந்தால்

குறைபாடு பிறவியில் மட்டும் வருவதன்று. காலைப் பனியில் மோட்டார் சைக்கிள் சறுக்கலாம். பால் உறைய வைக்கும் திராவகம் கண்ணில் தெறிக்கலாம். நீரிழிவினால் காலை இழக்க நேரலாம். தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலைசெய்ய இயலாதவர் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் இழக்கும் நிலைமை வரக்கூடும். ஆதலால் இவ்விஷயத்தில் தாமதம் கூடாது.

1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோ, வேலை விபத்துக்கு ஒரு திட்டமும், வேலையோடு தொடர்பில்லாத நோயினால் உழைக்க இயலாது போவோருக்கு மற்றொரு திட்டமும் நடத்துகிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் முதல் திட்டத்தில் அடங்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சீட்டுகளைத் தொழிலாளர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தை நேரில் கண்ட தோழர்கள், "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்காமல் உண்மையைக் கூற வேண்டும். இதுவே துணை நிற்பதன் முதற்படி.

பணம் தருவதோடு சொக்சோ நின்றுவிடுவதில்லை. காயமுற்றோர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 இல் தொடங்கியது. மலாக்காவிலுள்ள மறுவாழ்வு நிலையம் 2014 முதல் இயங்குகிறது. ஒரு காலை இழந்தவர் மேட்டு நிரையில் மரம் வெட்ட இயலாதிருக்கலாம். ஆனால் பால் நிறுக்குமிடத்திலும், நாற்று மேடையிலும், ஸ்டோரிலும் அவர் செய்யக்கூடிய வேலைகள் உள்ளன. அத்தகைய வேலையை அவருக்குக் கேட்டுப் பெற்றுத் தருவதில் தொழிற்சங்கத் தலைவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

துணை நிற்கும் முறை

உதவி செய்யும் மனம் இருந்தால் போதாது. முறையும் அறிதல் வேண்டும்.

முதலாவதாக, பெயர் சொல்லி அழைப்போம். நொண்டி, குருடன், ஊமை, பைத்தியம் என்னும் அடைமொழிகளை நாம் விட்டால் நம் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள். வயதில் மூத்தவரை அண்ணன் என்றோ அக்காள் என்றோ முறை சொல்லி அழைப்பதே நம் வழக்கம். குறைபாடு அந்த முறையைப் பறித்துவிடவில்லை.

இரண்டாவதாக, கேட்டபின் உதவுவோம். பார்வையற்றவரைப் பின்னிருந்து தள்ளுவதும், கைத்தடியைப் பற்றி இழுப்பதும் தவறு. துணை வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் நமது முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்து அரையடி முன்னால் நடக்க வேண்டும். காது கேளாதவரிடம் முகத்துக்கு நேரே, வெளிச்சம் நம் முகத்தில் விழுமாறு நின்று பேச வேண்டும், கத்துவதால் பயனில்லை. பேச்சுத் தடுமாறுபவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். சொல்லை நாம் முடித்துவைக்கலாகாது.

மூன்றாவதாக, அவரைப் பற்றிய முடிவை அவரை விட்டுவிட்டு எடுக்கலாகாது. உலகெங்கும் உடற்பேறு குறைந்தோர் எழுப்பும் கோரிக்கை இதுவேயாகும். அவர் எதிரில் இருக்கும்போதே, "இவருக்குச் சாப்பாடு வேண்டுமா?" என்று அருகிலிருப்பவரைக் கேட்பது அவரை அவமதிப்பதாகும். கோயில் குழுவிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும், தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையிலும் அவர்களில் ஒருவருக்கு இடமளித்தால், எத்தடையை முதலில் நீக்க வேண்டுமென்பதை அவரே கூறுவார்.

நான்காவதாக, இடத்தைச் சீர்செய்வோம். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளத்திற்கு ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடிச் சாய்தளம் தேவை. ஓரிரு ஞாயிற்றுக்கிழமை கொத்தோங் ரொயோங்கில் இதனை முடித்துவிடலாம். அது சக்கர நாற்காலிக்கு மட்டுமன்றி, முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், பிள்ளை வண்டி தள்ளும் தாய்க்கும் உதவும்.

நீதியான சமுதாயம்

1970 இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா, நாட்டின் வளத்தை அனைவரும் நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் நீதியான சமுதாயத்தை நமது இலட்சியமாகக் கொண்டுள்ளது. அனைவரும் என்ற சொல்லில் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவரும் அடங்குவார்.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, சில பட்டணமாகிவிட்டன. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து செல்லும் குடும்பங்களில் உடற்பேறு குறைந்தவர் இருப்பாராயின், பழகிய லயத்தின் துணை அவருக்கு இல்லாமற்போகிறது. அட்டை, படிப்பு, பயிற்சி, சொக்சோ ஆகிய ஏற்பாடுகள் இப்போதே செய்யப்பட்டிருந்தால், எவ்விடம் சென்றாலும் அவை அவரைத் தாங்கும்.

நமது லயத்தில் அத்தகையவர் எத்தனை பேர், அவர்களுள் அட்டை பெறாதவர் யார், பள்ளிக்குச் செல்லாத பிள்ளை எது என்பதை இம்மாதத்திலேயே அறிந்துகொள்வோம். அவர்கள் வீட்டுக்குச் சென்று, என்ன தேவை என்று அவர்களிடமே கேட்போம். அடுத்த திருவிழாவுக்கு வரி எழுதும்போது, வீடுகளோடு ஆட்களையும் எண்ணுவோம்.