டிரைவில் இருந்தால் போதுமா?

மதுரை கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி மூன்றும் அருகருகே இருக்கின்றன. இங்குள்ள ஆய்வு மாணவர்களிடம் "தீசிஸை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "டிரைவில இருக்கு சார்" என்ற பதில் சட்டென்று வரும். அது பாதிப் பாதுகாப்புதான்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை முதன்மையாகச் செய்வது சிங்க். லேப்டாப், போன், சர்வர் எல்லாவற்றிலும் ஃபைலை ஒரே நிலையில் வைத்திருப்பதே அதன் வேலை. லேப்டாப் திருடு போனால் இது கைகொடுக்கும். தவறு நம்முடையது என்றால் கைவிட்டுவிடும். சிங்க் ஆகும் ஃபோல்டரில் மூன்றாம் இயலை அழித்தால், சற்று நேரத்தில் போனிலும் அது இருக்காது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். பிறகு தானாகவே அழிந்துவிடும். இயல் காணாமல்போனது வைவாவுக்கு முன்புதான் தெரியவந்தால் என்ன செய்வது?

ரான்சம்வேர் இன்னும் மோசம். 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்படிப் பூட்டப்பட்ட ஃபைலையும் 'புதிய மாற்றம்' என்றே எடுத்துக்கொண்டு சிங்க் மேலே ஏற்றிவிடும்.

பேக்கப் என்பது வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைப்பது மாதிரி. மூலத்தில் மை கொட்டினாலும் பிரதியில் கறை படியாது. நேற்றைய ஃபைல், போன வாரத்து ஃபைல் என்று தேதிவாரியாகத் தனித்தனியே இருக்கும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் ஆகியவை இதற்கென்றே உள்ளவை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியால் மீண்டார்கள். அப்போதும் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆகவே மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.