நகைச்சுவை நடிப்புக்கு ஒரு தேர்வு

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது பழமொழி. ஆனால் சிரிப்பது எளிது; சிரிக்க வைப்பது அரிது. சோக நாடகத்தில் வசனம் மறந்து போனால் முகத்தை மூடி அழுதாவது சமாளிக்கலாம். நகைச்சுவையில் அது நடவாது. சபையோர் சிரிக்கவில்லை என்றால் அந்தக் கணமே தெரிந்துவிடும். ஆகவேதான் நகைச்சுவை வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதை நாடகக் கலைஞர்கள் விளையாட்டாக எண்ணுவதில்லை. இக்காலத்தில் இதனை ஆடிஷன் என்கிறார்கள். அத்தேர்வில் என்ன செய்யச் சொல்வார்கள், எதைக் கவனிப்பார்கள், நம் போன்ற மாணவிகள் அதற்கு ஏன் முன்வர வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நகை நான்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்துள்ளார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் என்கிறார். எள்ளல் என்பது இகழ்ந்து நகைத்தல். இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாதிருத்தல். "யார் வந்தாலும் உள்ளே விடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போன முதலாளி திரும்பி வருகிறார். வேலைக்காரன் அவரையும் உள்ளே விட மறுக்கிறான். இது மடன்.

இந்நான்கில் எள்ளல் ஒன்றுக்குத்தான் இகழப்படுவதற்கு இன்னொருவர் வேண்டும். மற்ற மூன்றிலும் நடிப்பவர் தம்மையே சிரிப்புக்கு உரியவர் ஆக்கிக்கொள்கிறார். நல்ல நகைச்சுவை நடிகரின் இலக்கணம் இதிலேயே அடங்கியிருக்கிறது.

தேர்வில் நடப்பது என்ன?

பள்ளி ஆண்டு விழாவானாலும் தொலைக்காட்சி நிகழ்ச்சியானாலும் தேர்வு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதலில் இரண்டு அல்லது மூன்று நிமிடத் தனிநடிப்பு. அடுத்து, முன்பின் பார்த்திராத வசனத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். மூன்றாவதாக, இருவரை நிறுத்தி ஒரு சூழ்நிலையைக் கூறி உடனே நடிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் பேசாமல் சைகையால் மட்டும் நடிக்கவும் சொல்வதுண்டு.

தனிநடிப்புக்குத் திரைப்படக் காட்சியை அப்படியே ஒப்பிப்பதைவிட, நாம் கண்ணால் கண்டதை எடுத்துக்கொள்வது நல்லது. நம் இளம்பிள்ளையில் தறியும் சேலைக் கடையும் இல்லாத தெரு எது? நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "இதே கலரில் கைக்குட்டை இருக்கிறதா?" என்று கேட்கும் அம்மாளை நாம் எல்லோரும் அறிவோம். அவர் சேலையை இரு விரலால் தடவும் விதம், பார்டரைத் திருப்பிப் பார்க்கும் பார்வை, விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொள்ளும் வேகம் ஆகிய மூன்றைச் சரியாகக் கவனித்தாலே இரண்டு நிமிடம் போதாது. ஒரு பாத்திரம், ஒரு சிக்கல், ஒரு முடிவு என்பது தனிநடிப்புக்குப் போதுமான அளவு.

நேரம் அறிதல்

சிரிப்பை வரவழைக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்க வேண்டும். அதற்குமுன் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். சொல்லியபின் சபையோர் சிரித்தால், அச்சிரிப்பு உயர்ந்து பின் தணியும் வேளையில் அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். முன்னதாகப் பேசினால் வசனம் காதில் விழாது. முற்றிலும் அடங்கிய பின் பேசினால் காட்சி தொய்ந்துவிடும். தறியில் நாடா போய்வருவது போன்றது இது. ஒரு நொடி தவறினாலும் இழை சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, நடிப்பவர் தாமே சிரித்துவிடக் கூடாது. பாத்திரத்துக்கு அது வேடிக்கை அன்று, மெய்யான தொல்லை.

கேட்பதும் நடிப்பே

1964ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தம் தந்தையாக நடிக்கும் டி. எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நம் பாட்டிமார்களும் அறிவர்; நாமும் அறிவோம். அதில் கதை சொல்பவர் நாகேஷ். ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பதில் பாதிப் பங்கு பாலையாவின் முகத்துக்கு உரியது. அவர் செய்வதெல்லாம் கேட்பது; கேட்டுப் பயப்படுவது. இருவரை நிறுத்தி நடிக்கச் சொல்வதன் நோக்கமும் இதுவே. யார் அதிகம் பேசுகிறார் என்பதைவிட, யார் மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதையே தேர்வாளர் பார்க்கிறார்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

திக்கிப் பேசுவது, நொண்டி நடப்பது, உடல் பருமன், கறுத்த நிறம் இவற்றைக் கேலி செய்தால் கைதட்டல் எளிதில் கிடைக்கும். தொலைக்காட்சியிலும் திரையிலும் இதனை அடிக்கடி காண்கிறோம். ஆனால் அந்தக் கைதட்டலுக்கு நடுவே, சபையில் எங்கோ ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவளும் நம் தோழியே.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1949ஆம் ஆண்டு 'நல்லதம்பி' படத்தில் நடத்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம், ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வி கற்று உயர்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அங்கே சிரிப்புக்கு ஆளானது அச்சிறுவன் அல்லன். அவனைத் தள்ளி வைத்த வழக்கம். எளியவரை விட்டுவிட்டு மடமையைக் கேலி செய்தால் அது கலை.

பெண்களும் நகைச்சுவையும்

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சிரிப்பதற்கே இந்தத் தடை என்றால் பிறரைச் சிரிக்க வைப்பதை எப்படி அனுமதிப்பார்கள்? நம் வகுப்புகளில் நடனத்துக்குப் பெயர் கொடுக்கப் போட்டி நடக்கிறது. கோமாளி வேடம் என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை நம்மைத் தடுக்கிறது. வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் தடுக்கிறது.

வரலாற்றைப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய பால நாடக சபையில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். அந்நிலை மாறி, டி. ஏ. மதுரம் கலைவாணருக்கு இணையாக நின்று பேர் பெற்றார்.

அடுத்து வந்தவர் 'ஆச்சி' மனோரமா. 1937ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடை ஏறியவர். 1958ஆம் ஆண்டு கவிஞர் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானார். கதாநாயகியாக மட்டுமே நடித்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை நீடித்து நிற்கும் என்று கவிஞர் கூறியதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அச்சொல் பலித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் நூலில் இடம் பெற்றார். 2002ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார். 2015ஆம் ஆண்டு மறைந்தார்.

இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. நகைச்சுவை நடிகை என்று அறியப்பட்ட அவரை 1963ஆம் ஆண்டு 'கொஞ்சும் குமரி' படத்தில் கதாநாயகி ஆக்கியது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமே. டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு ஏற்காடு சாலையில் நிறுவிய அந்த ஸ்டுடியோ இன்று இல்லை. அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகையில் பஸ்ஸிலிருந்து அதனைக் காணலாம்.

2005ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியும் தேர்வின் வழியாகவே புதியவர்களை மேடை ஏற்றியது. சிவகார்த்திகேயனும் அறந்தாங்கி நிஷாவும் அதில் அறிமுகமானவர்களே.

சிறு வேடம் கிடைத்தால்?

தேர்வுக்கு வரும் எல்லோருக்கும் பெரிய வேடம் கிடைக்காது. தாராபுரத்தில் பிறந்த நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது, அலுவலக நாடகம் ஒன்றில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலி நோயாளி வேடம். மேடையில் சில நிமிடங்களே வந்து போகும் வேடம் அது. விழாவுக்குத் தலைமை வகித்த எம். ஜி. ஆர். அந்த நோயாளியைத்தான் மேடையில் பாராட்டிப் பரிசளித்தார். வேடத்தின் நீளத்தை அளப்பவர் நாடகத்தை எழுதியவர். அதன் ஆழத்தை அளப்பவர் நடிப்பவர்.

எனவே தோழியரே, அடுத்த ஆண்டு விழாவுக்கு நகைச்சுவை நாடகத் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் கண்டால் தயங்காமல் பெயர் கொடுப்போம். நரைத்த மீசை ஒட்டிக்கொள்ள நேர்ந்தாலும் நாணம் வேண்டாம். அன்புள்ள பெற்றோர்களே, உங்கள் மகள் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணலாக்கிப் பழகினால் அதட்டாதீர்கள். நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொன்ன அம்மாளை அவள் பயிற்சி செய்துகொண்டிருக்கலாம். பிறர் மனம் நோகாமல் ஒரு மண்டபத்தையே சிரிக்க வைக்கக் கற்றவள், நாளை நாலு பேர் முன் நின்று தன் கருத்தைச் சொல்லவும் அஞ்ச மாட்டாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி