அடியைச் சுரண்டாதே, மக்கா

நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பேர் வாங்கித் தருவது அடைப்பிரதமன். பேரைக் கெடுப்பதும் அதுவேதான். வெல்லமும் அடையும் இறுகிவரும் நேரத்தில் கிண்டுகிற கை கொஞ்சம் அசந்தால் உருளியில் அடிபிடித்துவிடும். உடனே பதறிப்போய் அடியைச் சுரண்டுவது கற்றுக்குட்டியின் வேலை. கருகியது என்னவோ ஒரு கையகலம். சுரண்டியதும் தீய்ந்த வாடை உருளி முழுக்க ஏறிவிடும். சமையலில் பழகிய தவசிப்பிள்ளை அடியைத் தொடமாட்டார். கொள்ளியை வெளியே இழுப்பார், மேலாக இருப்பதை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவார். பந்தி அதுபாட்டுக்கு நடக்கும்.

வேலை நெருக்கும் நாட்களில் மனசும் அடிபிடிக்கிறது. அப்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் கற்றுக்குட்டிகள்தான்.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவணி மாதம். வாரத்துக்கு இரண்டு கல்யாணம், பிள்ளைக்குக் காலாண்டுப் பரீட்சை, ஆபீஸில் கணக்கு முடிக்கிற அவசரம். நடுவில் பள்ளிக்கூடப் பீஸ் கட்ட மறந்துபோகிறது. கையகலப் பிழை. ராத்திரி படுத்தபின் “நானெல்லாம் ஒரு அம்மையா?” என்று தொடங்கி, பத்து வருஷத்துக்கு முன் பால் பொங்கி வழிந்தது வரைக்கும் தோண்டி எடுக்கிறாரே, அதுதான் சுரண்டல்.

வாடை ஏன் பரவுகிறது? தெருவில் நாய் துரத்தினாலும், உள்ளே நம்மை நாமே ஏசிக்கொண்டாலும் உடம்பு அடிப்பது ஏறக்குறைய ஒரே அபாய மணியைத்தான் என்கிறார் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட். அட்ரினலின் சட்டென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். கார்ட்டிசால் அப்படியல்ல. அது உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும். வடிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். கொள்ளியை இழுத்த பிறகும் கனத்த வெண்கல உருளி கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. பாதி ராத்திரியில் தூக்கம் வராதது மனத்திடம் இல்லாததால் அல்ல. உருளி இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு ஏச்சும் அடுப்பில் செருகுகிற புதுக் கொள்ளி.

ஆகவே முதலில் தீயைக் குறைக்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு தணிகிறது. புறவாசல் படியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் செய்தால் போதும். இதற்காக யோகா வகுப்பில் சேர வேண்டியதில்லை.

நல்ல வார்த்தை அதற்குப் பிறகுதான். பிரதமனுக்குத் தேங்காய்த் தலைப்பாலை எப்போது விடுவோம்? அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில். கொதிக்கிறபோது விட்டால் திரிந்துவிடும். மனசு கொதிக்கும்போது “எல்லாம் சரியாகிடும்” என்று சொல்லிக்கொண்டால் அதுவும் அப்படித்தான் திரிகிறது. நமக்கே எரிச்சல் வருகிறது. கொஞ்சம் ஆறியபின், இதே பிழையைத் தங்கச்சி செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்வோமோ அதை, அதே குரலில், நமக்குச் சொல்ல வேண்டும். 2003-இல் சுய பரிவை அளக்க ஒரு அளவுகோலை வெளியிட்ட அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் இந்தக் கனிவோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறார். அடிபிடித்ததை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது ஒன்று. எல்லா வீட்டு உருளியும் ஒருநாள் கருகியதுதான் என்று உணர்வது மற்றொன்று. என்னைக் கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் நமக்குக் கடினம். அடுத்த வீட்டு அடுக்களையில் கருகுகிற வாடை நம் மூக்குக்கு எட்டுவதில்லையே!

“இப்படியே தட்டிக்கொடுத்தால் சோம்பேறியாகிவிட மாட்டோமா?” நியாயமான கேள்வி. உளவியலாளர்கள் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தங்களிடம் பரிவோடு இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். ஏச்சுக்குப் பயப்படாதவர்தான் “அடிபிடிச்சிட்டு” என்று நேரத்தோடு சொல்வார்; பயந்தவர் கிண்டி மறைக்கப் பார்ப்பார்.

இனி அந்தக் கரி. சுடச்சுடத் தேய்த்தால் கைதான் நோகும். தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வைத்தால் காலையில் தானே பெயரும். உடம்புக்கு அந்த ஊறல் தூக்கம். அதற்காக இரண்டு கல்யாணத்தில் ஒன்றுக்கு மொய்க் கவரை மட்டும் கொடுத்தனுப்பலாம். சொந்தக்காரர்கள் நாலு வார்த்தை சொல்வார்கள். சொல்லட்டும்.

ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தை வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, ஈயம் பூசுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், வாழ்வே வெறுத்ததுபோல் தோன்றினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.