காத்திருக்கும் நாட்களே குழந்தைகளின் திருநாள்

நான்கு வயதுக் குழந்தையிடம், கிறிஸ்துமஸுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை. இருபது வரை அது தடையின்றி எண்ணக்கூடும். ஆயினும் நாளை என்பதும் அடுத்த வாரம் என்பதும் அதன் மனத்தில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. ஆகையினால்தான் அது காலையில் எழுந்ததும் கேட்கிறது, பள்ளிவிட்டு வந்ததும் கேட்கிறது, பாயில் படுத்த பின்பும் கேட்கிறது: இன்றைக்கா கிறிஸ்துமஸ்? இக்கேள்வியைத் தொந்தரவென்று தள்ளாமல் அதற்கு விடைசொல்லப் புகுந்த ஒருவராலேதான், இன்று தேவாலயங்களிலே ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையம் உண்டாயிற்று.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தை அடுத்து ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்னும் லூத்தரன் இறையியலாளர், தம்மிடம் வளர்ந்த பிள்ளைகள் நாள்தோறும் இதையே கேட்டு நிற்பதைக் கண்டு, 1839-ஆம் ஆண்டில் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் ஞாயிற்றுக்கிழமைகளுக்கென நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் மற்றக் கிழமைகளுக்கெனச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றிக் காட்டினார் என்று சொல்லுகிறார்கள். எரிவன எத்தனை, எஞ்சியவை எத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் குழந்தைகளுக்குக் காலம் கண்ணுக்குப் புலப்பட்டுவிட்டது. நாளுக்கொரு சிறு கதவைத் திறந்து உள்ளேயுள்ள சித்திரத்தைப் பார்த்து மகிழும் நாட்காட்டியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரத்து கெர்ஹார்ட் லாங் அச்சிட்டுப் பரப்பியதும் இதே நோக்கத்தின் தொடர்ச்சியே.

திருச்சபை இந்தக் காத்திருப்புக்கு நான்கு ஞாயிறுகளை வகுத்திருக்கிறது. நவம்பர் 30-ஆம் தேதி வரும் அந்திரேயா திருநாளுக்கு மிக அண்மையிலுள்ள ஞாயிறே முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கு முன்பாகவோ டிசம்பர் 3-க்குப் பின்பாகவோ வருவதில்லை. ஆகவே ஆண்டுக்கேற்ப இக்காலம் 22 நாள் முதல் 28 நாள் வரை நீளும். வளையத்திலுள்ள நான்கு மெழுகுவர்த்திகளுள் மூன்று ஊதா. ஒன்று ரோஜா வர்ணம். பாதிக்குமேல் கடந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சிக்கு அடையாளமாக அதை மூன்றாம் ஞாயிறன்று ஏற்றுகிறார்கள். வீட்டில் வளையம் செய்ய வசதியில்லாதவர்கள் ஒரு தாம்பாளத்தில் நான்கு அகல்களை வைத்து வாரத்துக்கொன்றாக ஏற்றினாலும் போதும். குழந்தை அதே கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் மாதம் பெரியவர்களை எப்படி ஓட்டுகிறதென்பது யாவரும் அறிந்ததே. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், தையற்காரரிடம் நாலு முறை நடக்க வேண்டும், பலகாரத்துக்கு மாவு இடிக்க வேண்டும், நடுவே அரையாண்டுத் தேர்வுக்கு மூத்த பிள்ளையைப் படிக்க வைக்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் மேலே வடகிழக்குப் பருவமழை ஓயாமல் வந்து நிற்கும். இந்த ஓட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தை கடைகடையாக இழுபடுகிறதேயன்றி, எதிலும் பங்கு பெறுவதில்லை. பண்டிகை அன்று பெறப்போகும் புதுச் சட்டையைக் காட்டிலும், அதற்கு முந்திய மூன்று வாரங்களில் தாய் தகப்பனோடு கைகோத்துச் செய்த காரியங்களே அதன் நெஞ்சில் நிற்பவை என்பது என் உறுதியான எண்ணம். ஆதலால் உல்லாசப் பயணமானாலும் விருந்தானாலும், அவற்றைக் குழந்தையின் உடம்புக்கும் பொறுமைக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

முதலாவது, ஒரு நாளுக்கு ஓரிடமே போதும். தேவாலயம், கடைவீதி, சொந்தக்காரர் வீடு, ஓட்டல் என்று ஒரே மாலையில் நான்கையும் கோத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் மூன்றாவது இடத்திலேயே அழுகைக்கு ஆளாகிறார்கள். அந்த அழுகையைப் பிடிவாதம் என்று அதட்டுவதில் நியாயமில்லை. இரண்டாவது, வெளிச்சத்துக்காக இரவு வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பரில் தமிழ்நாட்டில் பொழுது ஏறக்குறைய ஆறு மணிக்கே சாய்ந்துவிடுவதால், வீட்டு வாசல்களில் கட்டிய ஸ்டார்களையெல்லாம் பார்த்துக்கொண்டு தெருவைச் சுற்றிவந்த பின்னும், ஏழரைக்குள் குழந்தைக்குச் சோறூட்டிவிடலாம்.

போகத்தக்க இடங்களுள் நான் மிகவும் விரும்பிச் சொல்லுவது, மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குச் சமீபத்திலுள்ள விளாச்சேரி. தலைமுறை தலைமுறையாக மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகள் செய்த அதே கைகள், கிறிஸ்துமஸை முன்னிட்டுக் குடில் பொம்மைகளையும் செய்கின்றன. வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் வெள்ளைப் பூச்சு உலர்ந்துகொண்டிருக்கும் ஆடுகள் ஒருபுறம், நிறம் தீட்டப்பெறாத இடையர்கள் ஒருபுறம், கிரீடம் மாத்திரம் பொன் வர்ணம் பெற்ற ராஜாக்கள் மற்றொருபுறம் என்று வரிசையாக இருக்கும் காட்சியைப் பார்க்கும் குழந்தை, கடையில் பெட்டிக்குள் கட்டிவைத்த பொம்மையைப் பார்க்கும் குழந்தையைப் போல ‘வாங்கிக்கொடு’ என்று கேட்பதில்லை. ‘இதற்கு ஏன் கண் இல்லை?’ என்று கேட்கிறது. மெல்லிய தூரிகையால் ஓர் ஒட்டகத்துக்குக் கண் எழுதப்படும் அந்த ஒரு நிமிஷம் போதும், அதுவரை மண்ணாய் இருந்தது தன்னைத் திரும்பிப் பார்ப்பதாகவே குழந்தை நினைத்துக்கொள்ளும். அங்கே ஒரே ஒரு பொம்மையைத் தானே தேர்ந்தெடுத்து, வைக்கோல் சுற்றித் தன் கையாலேயே தூக்கிவர இடம்கொடுங்கள். முழுத் தொகுதியையும் தகப்பனார் பேரம் பேசி வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டால், பயணத்தின் பயன் பாதி போய்விடும்.

தேவாலயங்களையும், ஆராதனை இல்லாத வேளையில், வேடிக்கை பார்க்கவே அழைத்துச் செல்லலாம். சென்னையில் இருப்பவர்களுக்குச் சாந்தோம் இருக்கிறது. வெண்மையான உயர்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்பக்கம் நடந்தால் கடற்கரை. அங்கிருந்து அதிக தூரமில்லாத லஸ் கோயில் 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் 1826-இல் எழுந்த ஊசிக்கோபுரத் தேவாலயம் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமானது. தஞ்சை, நாகைப் பக்கத்தார் தரங்கம்பாடிக்குப் போகலாம். 1706-இல் அங்கே வந்திறங்கி, அச்சகம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 முதல் அந்தத் தெருவில் நிற்கிறது. தெருக்கோடியில் டேனியர் கட்டிய கோட்டையும், கோட்டையைத் தாண்டினால் அலையும் மணலும். சரித்திரத்தைப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். குழந்தைக்கு மணல் போதும்.

கடைவீதியைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிகைக்கு முந்திய சனி, ஞாயிறுகளில் பெரிய கடைத்தெருக்களுக்கு ஐந்து வயதுக்குட்பட்டவர்களை அழைத்துச் செல்லாதிருப்பதே உத்தமம். தவிர்க்க முடியாவிட்டால் வார நாளில், முற்பகலில் போகலாம். புறப்படுமுன் குழந்தையின் முன்கையில் தகப்பனாரின் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிட வேண்டும். ஜனநெருக்கடியில் தனித்துத் திரியும் குழந்தையைக் கண்டாலும், நம் குழந்தையே காணாமற்போனாலும், காவல்துறையோடு 1098 என்ற கட்டணமில்லாக் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வெளியே போவதெல்லாம் ஒருபுறமிருக்க, பண்டிகையே வீடு தேடி வரும் இரவுகளும் உண்டு. கேரல் குழுவினர் கித்தாரும் தபேலாவுமாக வாசலில் வந்து நின்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளையும் புதுப் பாட்டுக்களையும் பாடும்போது, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தையின் முகத்தருகே, முகமூடியும் பஞ்சுத் தாடியும் தரித்த கிறிஸ்துமஸ் தாத்தா திடீரென்று குனிந்தால், அது வீறிட்டு அலறுவது இயல்பே. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையில், முகம் மறைத்த மனிதரைக் கண்டு அஞ்சுவது சகஜமான வளர்ச்சிப் பருவம். கட்டாயப்படுத்திக் கைகுலுக்க வைப்பதும், படம் பிடிப்பதற்காக மடியில் திணிப்பதும் கொடுமை. அதைச் செய்யவே கூடாது. தாத்தாவாகப் போகிற வாலிபர், முகமூடியைப் பிள்ளையின் முன்னிலையிலேயே கழற்றிக் காட்டி மறுபடி அணிந்துகொண்டால் பயம் பெரும்பாலும் தெளிந்துவிடும். மூத்த பிள்ளைகளுக்கு வேண்டுமானால் டிசம்பர் 6-ஆம் தேதி, இன்றைய துருக்கியிலுள்ள மீரா பட்டணத்தில் நான்காம் நூற்றாண்டில் ஆயராயிருந்து, ஏழைகளுக்கு இரகசியமாய் உதவியவராகப் போற்றப்படும் நிக்கோலாஸின் திருநாளாகையால், இந்தத் தாத்தா உருவம் அவரிடமிருந்தே வந்ததென்பதை அன்றைக்குக் கதையாகச் சொல்லலாம்.

இனி, விருந்து. கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு இலை போடும் விருந்து எல்லோருக்கும் சிரமமே. மாலை நாலு மணிக்குத் தேநீர், பலகாரம், இரண்டு பாட்டு, ஆறரைக்கு விடைபெறுதல் என்று வைத்துக்கொண்டால், வந்தவர்களும் மகிழ்வார்கள், வீட்டுக்காரியும் களைத்துப்போக மாட்டாள். பலகார வேலையிலும் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. நாகர்கோவில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயற்றையும் வெல்லப்பாகையும் கலந்து ஆறவைத்த பிறகு உருண்டை பிடிக்கச் சின்னக் கைகள் போதும். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த கல்கல் மாவைச் சிறு சிறு துண்டாகக் கிள்ளி, கழுவிய புதுச் சீப்பின் பற்களின்மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்திச் சுருட்டும் வேலையோ முழுக்க முழுக்கப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. கோணலும் மாணலுமாக வந்ததை எடுத்துவிடாமல் அப்படியே பொரித்து விருந்தாளியின் தட்டில் வையுங்கள். அடுப்புப் பக்கம் மாத்திரம் அவர்களை அண்டவிடக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முந்திரி, வேர்க்கடலை முதலியவற்றை முழுசாகக் கொடுப்பதும் அபாயம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டுக்கு மறுதட்டு போகும் காலமும் இதுவே. பூவேலை செய்த துணியால் மூடிய தட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மார்கழிக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப்போய், ‘மாமி, அம்மா கொடுக்கச் சொன்னாங்க’ என்று நீட்டும் பணியை ஐந்து வயதுப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். அண்டை அயலார் நம்மவர்கள் என்னும் உணர்வு இந்த எட்டடி தூர நடையில்தான் ஊன்றுகிறது; எந்தப் பாடப் புத்தகமும் இதைச் செய்துவிடாது.

எல்லாவற்றிலும் நீண்டு நிற்கும் இன்பம், குடில். இத்தாலியிலுள்ள கிரெச்சோ என்னும் சிற்றூரில் 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், வைக்கோல் நிறைத்த முன்னணையும் உயிருள்ள எருதும் கழுதையுமாகப் பெத்லகேம் காட்சியைப் புனித பிரான்சிஸ் அசிசியார் ஜனங்களுக்குக் காட்டியதிலிருந்து அந்த வழக்கம் செழித்துப் பரவியது. அது எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் கண்ணால் கண்டுகொள்ளும்படி செய்த ஏற்பாடு. ஆகையால் சிறுவருக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை. டிசம்பர் தொடங்கியதும் முதலில் ஆட்டையும் மாட்டையும் வையுங்கள். பின்பு இடையர்கள் வரட்டும். மரியாளும் சூசையப்பரும் வரட்டும். பாலன் இயேசுவை 24-ஆம் தேதி இரவுவரை எடுத்து வைத்திருந்து, குழந்தையின் கையாலேயே முன்னணையில் கிடத்தச் செய்யுங்கள். நள்ளிரவுப் பூசைக்கோ அதிகாலை ஆராதனைக்கோ அழைத்துச் செல்வதாயிருந்தால், அன்று மத்தியானம் அதை நன்றாகத் தூங்கவைத்தாக வேண்டும். மூன்று ராஜாக்களை வீட்டின் எதிர்மூலையில் ஜன்னலோரம் நிறுத்தி, நாள்தோறும் ஒரு சாண் முன்னேறச் செய்தால், ஜனவரி 6-ஆம் தேதி அவர்கள் திருநாளன்று சரியாகக் குடிலை வந்து சேருவார்கள். விஹெர்ன் சக்கரத்தில் காட்டிய கணக்கை நம் வீட்டுத் தரையிலேயே குழந்தை நடத்திப் பார்க்கும்.

குடிலைச் சுற்றியுள்ள புல்வெளிக்குக் கடையில் விற்கும் பச்சைத் தாள் வேண்டாம். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த நாடு இது. அகன்ற தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி, ஓரிரவு ஊறவைத்த கேழ்வரகைப் பிள்ளையே தூவித் தினமும் கையால் நீர் தெளித்து வரட்டும். பச்சை நன்றாகத் தரையை மூட ஏறக்குறைய பத்து நாள் பிடிக்கும்; ஆகவே டிசம்பர் 12-ஆம் தேதிக்குள் விதைத்துவிடுங்கள்.