லாக் ஃபைலுக்கு ஒரு கூட்டல் குறி

கமாண்ட் பிராம்ப்ட்டில் இயங்கும் புரோகிராம், தான் செய்த வேலையை எழுதி வைக்கும் குறிப்பேடுதான் லாக் ஃபைல். பிறர் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும்போது, அது பழைய குறிப்பை அழிக்கிறதா, அதன் கீழே சேர்க்கிறதா என்றே நான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருமுறை வெட்டப்பட்டன: கி.பி. 919, 921. முதல் கல்வெட்டை அழிக்காததால்தான் விதிகள் எப்படித் திருத்தப்பட்டன என்பது இன்று தெரிகிறது.

விண்டோஸில் ஃபைல்களை காப்பி செய்யும் ரோபோகாப்பி கட்டளையில் 'லாக்' என்று மட்டும் கொடுத்தால் பழைய குறிப்பு போய்விடும். அச்சொல்லை அடுத்து, முக்காற்புள்ளிக்கு முன் கூட்டல் குறி இடுங்கள். புதியது கீழே சேரும். எந்தப் போட்டோ என்றைக்கு காப்பி ஆகவில்லை என்பதை நோட்பேடில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.