மறுபடி

சாயங்காலம் ஆறு மணி ஆனாலும் மொட்டை மாடித் தரை வெறுங்காலைச் சுடும். ‘கிபா டாச்சி’ என்று கராத்தே மாஸ்டர் சொன்னதும் குதிரைமேல் உட்கார்ந்தாற்போலக் காலை அகட்டி, முட்டியை மடக்கி நிற்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மஞ்சள் பெல்ட் எப்போது கிடைக்கும் என்பது மட்டுமே கவலை.

இதே நிலையில் நின்று, மூன்றே மூன்று கட்டாக்களை, அதாவது வரிசை மாறாத அசைவுத் தொகுப்புகளை, பழகுவதற்குப் பத்து வருடம் செலவழித்த ஒருவரைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். கிச்சின் ஃபுனாகோஷி. ஒகினாவாத் தீவின் ஷூரியில் 1868-ல் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான். பகலில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. கராத்தேயை ஒளித்துப் பழகிய காலம் அது. அதனால் நிலவில்லாத இரவுகளில் கையில் மங்கலான விளக்கோடு குரு அசாட்டோவின் வீட்டுக்கு நடப்பார். அகாலத்தில் இவர் எங்கே போய்வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் கண்டபடி பேசினார்கள்.

அந்த மூன்றும் இன்று ‘டெக்கி’ எனப்படும் கட்டாக்கள். பாய்ச்சல் இல்லை, சுழற்சி இல்லை. ஒரே கோட்டில் இடமும் வலமுமாக நகர்வதோடு சரி. பார்க்கிறவர்களுக்கே அலுத்துவிடும். அடி வாங்கினால் ரோஷம் வரும். மறுநாள் அந்த ரோஷமே நம்மை இழுத்துக்கொண்டு வந்துவிடும். சலிப்போ சத்தமில்லாமல் ஆளை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும். வகுப்பை விட்டு நின்றுபோன என் நண்பர்களில் அடிக்குப் பயந்தவன் ஒருவனும் இல்லை.

ஒருமுறை சூறாவளி வீசியபோது, கனத்த வைக்கோல் பாயைக் காற்றுக்கு எதிராகப் பிடித்தபடி, ஃபுனாகோஷி கூரைமேல் ஏறி அதே குதிரை நிலையில் நின்றிருக்கிறார். காற்று அவரைத் தூக்கிச் சேற்றில் எறிந்தது. எழுந்து மறுபடி ஏறினார்.

1922-ல் கராத்தேயைச் செய்துகாட்டத் தோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது; மனைவி ஊரில். ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் பகலெல்லாம் அறைகளையும் தோட்டத்தையும் பெருக்குவார், இரவில் சொல்லிக்கொடுப்பார். கைச்செலவுக்குத் தொப்பியையும் கிமோனோவையும் அடகு வைத்த நாளும் உண்டு. தனக்கென்று ஒரு பயிற்சிக்கூடம், ‘ஷோட்டோகான்’, அமைந்தபோது எழுபதை நெருங்கியிருந்தார். 1945-ல் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. அந்த ஆண்டே மகனும் இறந்தார். 1957-ல் கண்மூடும்வரை கிழவர் கராத்தேயை விடவில்லை.

எனக்கு அவரைவிடவும் அசாட்டோவின் நினைப்புதான் அடிக்கடி வருகிறது. தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சின்ன விளக்கு. முற்றத்தில் சீடன் செய்துகொண்டே இருப்பான். சரியில்லையென்றால் மறுபடி செய்யச் சொல்வார். திருப்தியானால் ஒரே வார்த்தையில் பாராட்டு, அதுவும் எப்போதாவது. பழகுகிறவனின் விடாமுயற்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பழகுகிறவனோடு சேர்ந்து தூங்காமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் விடாமுயற்சியை என்ன சொல்வது?

ஓர் ஐப்பசி மழை நாளில் வகுப்புக்கு நான் ஒருவன்தான் வந்திருந்தேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மாஸ்டர் என்னைப் படிக்கட்டுக் கூரைக்கடியில் நிறுத்தினார். எனக்கு எதிரே தானும் காலை அகட்டி நின்றார். கொஞ்ச நேரத்தில் என் தொடை நடுங்கியது. குனிந்து பார்த்தேன். அவர் தொடையும் நடுங்கிக்கொண்டிருந்தது.