சங்கின் ஓடும் சதையும்

மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்கைக் கோயிலிலும் வீட்டுப் பூசையிலும் கண்டவர் பலர்; அதனுள் வாழும் பிராணியைக் கண்டவர் சிலரே. கரை சேர்ந்ததும் ஓடு ஒரு வழியும் சதை மற்றொரு வழியுமாகப் பிரிந்துவிடுகின்றன. ஓடு நெடுந்தொலைவு செல்கிறது. சதை கடற்கரையை விட்டு அதிகம் நகர்வதில்லை.

விலங்கியலார் டர்பினெல்லா பைரம் என வழங்கும் இச்சங்கு நத்தை வகுப்பைச் சேர்ந்த ஊனுண்ணி ஆகும். முத்துச்சிப்பி பார்களைப் பற்றி வாழ்வது. சங்கோ பார்களுக்கு இடைப்பட்ட மணலை நாடுவது. அம்மணலில் வாழும் புழுக்களே அதன் உணவு. உயிருடன் இருக்கும்போது அது வெண்சங்கு அன்று. பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓட்டைப் போர்த்திருக்கும்.

இதன் சதை கெட்டியானது. கரையோர மக்கள் அதனை அவித்து, குடற்பகுதியை நீக்கி, துண்டுகளாக்கிச் சமைப்பர்; எஞ்சியதை வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வர். கடலுக்குச் செல்ல இயலாத நாட்களில் இவ்வுலர் துண்டுகள் உதவும். வாயை அடைத்திருக்கும் கொம்பு போன்ற மூடியும் வீணாவதில்லை. அது நறும்புகைப் பொருள்களில் சேர்க்கப்படுகிறது.

ஓட்டின் பெரும்பகுதி வங்காளத்துக்கே சென்றது. அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெண்வளையல் இச்சங்கை அரிந்து செய்யப்படுவது. டாக்காவின் சாங்காரி பஜார் இத்தொழிலாளர் பெயரால் அமைந்த தெருவாகும். தொழிலும் புதிதன்று. குஜராத்தில் ஹரப்பா நாகரிகத்தைச் சேர்ந்த நாகேசுவரில், இதே சங்கை அறுத்து வளையல் செய்த பட்டறையின் எச்சங்கள் கிடைத்துள்ளன. மெலிந்த சங்கில் வளையல் தேறாது. சிறு சங்கு, மிஞ்சினால், குழந்தைக்குப் பால் புகட்டப் பயன்படும்.

வலம்புரியின் மதிப்பைப் பற்றி இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது: நாம் இடம்புரி என்னும் சாதாரணச் சங்கையே விலங்கியல் நூல்கள் வலச்சுற்று உடையது என்கின்றன. பார்க்கும் முனை வேறு; அவ்வளவே.

சங்கின் வாழ்வில் மிக வியப்பானது அதன் முட்டைக்கூடு. ஏறத்தாழ ஒரு சாண் நீளம். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுகியது. வரிசையாக அறைகள் கொண்டது. அடிமுனை மணலில் ஊன்றியிருக்க, மேற்பகுதி நீரில் நிற்கும். முத்துச்சிப்பியின் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் பல நாள் மிதந்து, தொலைவிலுள்ள பார்களையும் சென்றடையக்கூடும். சங்குக்குஞ்சுக்கு அந்த மிதவைப் பருவமே இல்லை. ஓட்டுடன் கூட்டிலிருந்து வெளிப்பட்டு, அருகிலேயே ஊர்ந்து வாழத் தொடங்குகிறது. எனவே ஓர் இடத்துச் சங்கு அடியோடு எடுக்கப்படுமாயின், அவ்விடம் மீண்டும் நிரம்ப நெடுங்காலம் ஆகும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இச்சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

சங்குகுளித்தல் அரசின் தனியுரிமையாயிருந்த காலத்தில், அளவு வளையத்தினுள் நுழைந்துவிடும் சிறு சங்குகளை உயிருடன் கடலில் விடும் வழக்கம் இருந்தது. மூச்சடக்கி மூழ்குபவன் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறான். அவனுக்குத் தேர்வு எளிது. தரையை வாரிவரும் இழுவலைக்கு அத்தேர்வு இல்லை. பெரிய சங்கு, சிறிய சங்கு, முட்டைக்கூடு அனைத்தும் ஒருங்கே மேலேறுகின்றன. கீழைக் கடற்கரையில் இழுவைப் படகுகளுக்குரிய 61 நாள் தடை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. சங்கு முட்டையிடுவதோ ஆண்டின் தொடக்க மாதங்களில்.